மலைக்கு அனுப்பிய ஊழியரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஒரு ஜூலை மாத மழையில், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்தில் கிறிஸ்தவ ஊழியம் செய்துகொண்டிருந்த ஒரு தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனதும் வழக்கம்போல அறிக்கைக் கொப்பியைக் கேட்டேன். எத்தனை வீடு சந்தித்தான், எத்தனை ஜெபக்கூட்டம், ஓய்வுநாள் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள், எல்லாம் கோடு போட்டு அழகாக எழுதி வைத்திருந்தான். நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான், கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அவனுடைய மனைவி முன் இஸ்தோப்பு (திண்ணை) வரைக்கும் வந்து, அவன் காதில் விழாத குரலில், "ஐயா, அவரு ராவெல்லாம் தூங்குறதே இல்லைங்க, மூணு மாசமாச்சு" என்றாள்.

இரண்டு வருடத்தில் நான் அவனிடம் ஒருமுறைகூடத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கள் ஊழியர்களைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையே மாற்றினோம். அப்படிச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்துக்கு ஊழியர் அனுப்பும் சபைகளுக்கும், மலையகத்துக்குள்ளேயே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிறவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஆளைத் தேடுங்கள்

ஊழியருக்கு வீடு பார்ப்பதற்கு முன்னால், மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு முன்னால், அவரோடு கூட நடக்க ஒரு மூத்தவரைத் தேடுங்கள். மென்டர் என்று சொல்கிறார்கள், நாங்கள் வழித்துணை என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தால் மற்றதில் பாதி தானாக நடக்கும்.

வழித்துணையாக இருப்பவர் ஊழியருக்கு மாதப்படி கொடுப்பவராக இருக்கக் கூடாது. அவரை இடமாற்றம் செய்யும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்கக் கூடாது. நான் செய்த பெரிய தவறு அதுதான். அந்தத் தம்பியின் மாதப்படிக்குக் கையெழுத்துப் போடுகிறவனும் நான், அவன் மனதைத் திறந்து பேச வேண்டியவனும் நான். "தூக்கம் வரவில்லை, ஜெபிக்க முடியவில்லை, பைபிளைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது" என்று என்னிடம் எப்படிச் சொல்வான்? சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயம் யாருக்கும் வரும்தானே. ஆகவே கணக்கு கேட்பவர் ஒருவர், சுகம் கேட்பவர் இன்னொருவர் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள், இரண்டு பேரும் யார் யார் என்று ஊழியருக்கும் அவர் மனைவிக்கும் சொல்லிவிடுங்கள்.

யாரைப் பிடிப்பது? பத்துப் பதினைந்து வருடமாவது ஊழியம் செய்தவர், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தவர் அல்லது அந்த வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்த்தவர், தன்னுடைய தோல்வியை வெட்கப்படாமல் சொல்லக்கூடியவர். பெரிய பிரசங்கியார் தேவையில்லை. ஓய்வுபெற்ற உபதேசியார்கள் நிறையப் பேர் பதுளையிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சும்மா இருக்கிறார்கள், கேட்டால் மனமுவந்து வருவார்கள். ஒரு பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆண் ஊழியருக்கு ஆண், பெண் ஊழியருக்குப் பெண். ஊழியரின் மனைவிக்குத் தனியாக ஒரு அக்கா, இதைக் கட்டாயம் வையுங்கள். கணவனின் வழித்துணை மனைவியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் அவர் பார்ப்பதில்லை, குறை சொல்லவில்லை, அவரால் முடியாது.

வழித்துணையிடம் சொல்லப்படுவது வெளியே போகாது என்ற வாக்குறுதி வேண்டும். அதற்கு விதிவிலக்கு இரண்டு: யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், அல்லது ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருக்கிறது என்றால். அந்த இரண்டையும் மறைக்க மாட்டோம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

போய் உட்கார்ந்து என்ன பேசுவது

முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை நேரில் போங்கள். இடையில் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, நாளும் நேரமும் குறித்து. பல தோட்டங்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, ஊழியர் மேட்டுக்கு ஏறியோ தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயோதான் பேச வேண்டியிருக்கும். நீங்கள் நினைத்த நேரத்துக்கு எடுத்தால் கிடைக்க மாட்டார். கிடைக்கவில்லை என்று கோபப்படாதீர்கள்.

நேரில் போகும்போது கொப்பி கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசவும் வேண்டாம். லயத்துக் காம்பரா என்கிற அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, நடுச்சுவர் கூரைவரை போகாத வீடுகளும் உண்டு, இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அடுத்த வீட்டுக்காரர் ஒருவேளை சபை விசுவாசியாக இருப்பார், அல்லது ஊழியர் இருப்பதே பிடிக்காதவராக இருப்பார், இரண்டுமே சங்கடம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு "வா, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் தாண்டி, மலைக்குப் போகும் ரோட்டில், பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நம் ஆண்களுக்கு முகம் பார்க்காமல் பேசுவது லேசு. எனக்குத் தெரிந்த பெரிய பாரங்கள் எல்லாம் அந்த மாதிரி நடையில்தான் இறங்கின.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எத்தனை மணிக்குப் படுக்கிறாய், நடுவில் எழும்புகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பிள்ளைகள் எப்படி, உன் மனைவி எப்படி? யாருக்காவது காசு கொடுக்க வேண்டியிருக்கிறதா? கடைசியாக எப்போது சிரித்தாய்? இவ்வளவும் கேட்ட பிறகு ஜெபத்தைப் பற்றிக் கேளுங்கள், ஊழியத்தைப் பற்றிக் கடைசியில். இந்த வரிசை நான் கண்டுபிடித்ததில்லை. எலியா போதும் ஆண்டவரே என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டபோது தேவதூதன் செய்த முதல் காரியம் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னது. சாப்பிட்டு மறுபடியும் படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. நாமோ முதல் நிமிஷத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்.

பதில் வரும்போது குறுக்கே வசனம் சொல்லாதீர்கள். வசனம் அவருக்கும் தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கலாம்.

அனுப்புவதற்கு முன் கொடுக்க வேண்டிய பயிற்சி

வேதாகமப் பயிற்சிக்கு மலையகத்தில் குறை இல்லை. பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி 1963இல் இருந்து சிங்கள மாணவரையும் தமிழ் மாணவரையும் ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறது, பேராதனையில் லங்கா வேதாகமக் கல்லூரி இருக்கிறது, கத்தோலிக்கருக்கு அம்பிட்டியவில் குருமடம். பிரசங்கம் பண்ணவும் வேதத்தை வாசிக்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். ஆனால் தோட்டத்தில் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதைத் தோட்டத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும். ஆகவே தனியாக விடுவதற்கு முன் மூன்று மாதமாவது ஒரு மூத்த ஊழியரின் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவைத்து, அவரோடு கூடவே போய்வரச் செய்யுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டவுனிலிருந்து வருகிற ஊழியர் காலை பத்து மணிக்கு வீடு சந்திக்கக் கிளம்புவார். லயத்தில் ஆள் இருக்காது. கிழவிகளும், பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) அனுப்பாத குழந்தைகளும்தான் இருப்பார்கள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, விறகோ தண்ணீரோ எடுத்துக்கொண்டு பெண்கள் வீட்டுக்கு வர ஐந்து மணி தாண்டும். அப்புறம் சமையல். ஆக, ஊழியருக்கு உண்மையான வேலை நேரம் மாலை ஆறிலிருந்து ஒன்பது, அதோடு ஞாயிறு முழுவதும். இது தெரியாதவர் பகலெல்லாம் அலைந்து களைத்து, "ஜனங்கள் வாசலைத் திறக்கவில்லை" என்று மனமுடைந்து போகிறார். இரவில் கூட்டம் நடத்திவிட்டு மறுநாள் காலையில் நான்கு மணி ஜெபத்துக்கும் எழும்புகிறார். ஆறு மாதம் இப்படி ஓடினால் எந்த உடம்பு தாங்கும்? பகலில் இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குவது சோம்பேறித்தனம் இல்லை என்று அனுப்புகிற சபை வாயால் சொல்ல வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. ஞாயிறு முடியாது, செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளட்டும், அன்றைக்கு நீங்களும் போன் பண்ணாதீர்கள்.

அடுத்தது மொழி. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர் "கதைப்பம்" என்பார், இங்கே "பேசுவோம்" என்பார்கள். பெரட்டு, கங்காணி, கணக்குப்பிள்ளை, தொரை, இவையெல்லாம் புதிதாக வருகிறவர் காதுக்குப் புதுசு. இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் சிரித்துக் கற்றுக்கொள்ள நேரம் கொடுங்கள். சிங்களம் கட்டாயம் வேண்டும். பொலிஸிலோ பிரதேச செயலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ நின்று தன் விஷயத்தைத் தானே சொல்லத் தெரியாதவர் ஒவ்வொரு முறையும் கூனிக்குறுகித் திரும்பி வருவார், அந்தச் சின்னச் சின்னக் கூனல்கள் சேர்ந்துகொண்டே போகும்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) என்று தமிழிலும் 14(1)(e) என்று ஆங்கிலத்திலும் எண்ணிட்டுச் சொல்வதால் குழம்புவார்கள், எண்ணை விடுங்கள். வழிபடவும் அனுசரிக்கவும் கைக்கொள்ளவும் போதிக்கவும் உரிமை உண்டு என்பதுதான் 14ஆம் உறுப்புரையின் சாரம். இந்திய அரசியலமைப்பில் இருப்பதுபோல் மதத்தைப் பரப்பும் உரிமை என்ற சொல் இதில் இல்லை. இந்தியப் புத்தகங்களை வாசித்துவிட்டு வருகிற ஊழியர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பொலிஸ் கூப்பிட்டால் வாக்குவாதம் பண்ணாமல் போவது, அடையாள அட்டையும் சபையின் கடிதமும் கையில் வைத்திருப்பது, போவதற்கு முன் யாருக்குப் போன் பண்ணுவது, இந்த மூன்றையும் நடித்துக்காட்டிப் பழக்குங்கள். ஒருமுறை பழகியவருக்குப் பயம் பாதியாகக் குறையும். தோட்ட நிர்வாகத்தைப் போய்ப் பார்த்து அறிமுகம் செய்துவைப்பது சபைத் தலைவர்களின் வேலை. அதை ஊழியரின் தலையில் கட்டாதீர்கள்.

அயலவரோடு எப்படி இருப்பது என்பதும் பயிற்சிதான். லயத்தில் பெரும்பாலானோர் இந்துக்கள். மாரியம்மன் திருவிழா நடக்கும்போது ஒலிபெருக்கி வைத்து எதிர்க்கூட்டம் நடத்தினால் யாருக்கு நன்மை? அரிசியும் மாவும் கொடுத்துவிட்டு சபைக்கு வரச் சொன்னால் அது ஊழியமா? இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஜனங்களை இப்படி அணுகுகிறவர் கடைசியில் பகையின் நடுவில் குடியிருக்கிறார், அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காருகிறார்கள். மனநலம் என்று நாம் பேசுவதில் பாதி, அடுத்த வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்பதில் இருக்கிறது.

கடைசியாக, துக்கம் கேட்கப் பயிற்சி. குடி, அடி, கடன், தற்கொலை முயற்சி, எல்லாம் ஊழியரின் வாசலுக்குத்தான் ராத்திரியில் வரும். எல்லாவற்றையும் தானே தீர்க்க வேண்டும் என்று நினைக்கிறவர் சீக்கிரம் உடைகிறார். எது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது, எது பொலிஸுக்கு, எது ஜெபித்துக் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டியது என்று பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். அம்புலன்ஸுக்கு 1990. இந்த இரண்டு இலக்கங்களையும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், விசுவாசிகளுக்காக மட்டுமில்லை, ஊழியர் தனக்காகவும்.

காசு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதப்படி குறித்த தேதியில் போக வேண்டும். பயணச் செலவு வேறு, வீட்டு வாடகை வேறு, மருந்துச் செலவு வேறு, இவற்றைப் படிக்குள் தள்ளாதீர்கள். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீட்டர் என்று கியூஆர் அட்டையில் கொடுத்தார்கள். தோட்டத்தில் மூன்று டிவிஷன் (பிரிவு) பார்க்கிற ஊழியர்கள் அந்த நான்கு லீட்டரில் ஓடிவிட்டு மிச்சத்தை நடந்தார்கள், இரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சிக் கடியோடு. நடந்ததைப் புகழ்ந்து சாட்சி சொன்ன சபைகள் ஒரு ஜோடி நல்ல சப்பாத்தும் மழைக்கோட்டும் வாங்கிக் கொடுத்தனவா என்று கேட்டால் பல இடங்களில் இல்லை. கடன் இருந்தால் திட்டாமல் தொகையைக் கேட்டு எழுதி, கட்டி முடிக்க ஒரு வழி செய்யுங்கள்.

மனைவியும் பிள்ளைகளும்

பாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறோம், பாட்டுப் பாடச் சொல்கிறோம், வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றச் சொல்கிறோம். அவள் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மற்றப் பெண்கள் எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறார்கள், இவளுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் இல்லை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் காலையில் அரை மணி நேரப் பேச்சோடு சரி. அவளுக்கும் அந்த மூன்று மாதப் பயிற்சி வேண்டும். படித்தவளாக இருந்தால் பாலர் பள்ளியோ மாலை வகுப்போ தையலோ, அவளுடைய பெயரில் ஒரு வேலை அமைத்துக்கொடுங்கள். மற்ற ஊழியர்களின் மனைவிமார் நாலைந்து பேரை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுங்கள், அதில் ஆண்கள் யாரும் இருக்கக் கூடாது, பாஸ்டரும்கூட.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களை ஒன்றாகக் கூட்டுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஓயாத மழை, அந்த நாட்களில் பண்டாரவளையில் வெயில் அடிக்கும், அங்கே வையுங்கள். வருடக் கடைசியில் ஊவாப் பக்கம் மழை, அப்போது வேறிடம் பாருங்கள். வெயிலில் உடுப்புக் காயப் போட்டு, பிள்ளைகளை ஓட விட்டாலே பாதி ஆறுதல். முதல் நாள் எந்தச் செய்தியும் வைக்காதீர்கள், தூங்கவிடுங்கள். நாங்கள் முதல்முறை அப்படி வைத்தபோது ஒரு சகோதரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்து மறுநாள் விடியும்வரை எழும்பவில்லை, அவளுடைய கைக்குழந்தையை மற்றவர்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

மண்சரிவுக்குப் பிறகு

2014 அக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். இந்த நாட்களில் சபை முகாமாகிறது, ஊழியர் சமைக்கிறார், பெயர் எழுதுகிறார், உடல்களை அடையாளம் காட்டுகிறார், அடக்கம் பண்ணுகிறார். எல்லோரும் அழும்போது அவர் அழ நேரம் கிடைப்பதில்லை. வழித்துணை மூன்று நாளுக்குள் எப்படியாவது போய்ச் சேர வேண்டும், ரோடு இல்லையென்றால் குரலாவது சேர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மாற்றாள் அனுப்பி ஊழியரையும் குடும்பத்தையும் ஒரு வாரமாவது வெளியே கொண்டுவாருங்கள். ஒரு மாதம் கழித்தும், வருடம் திரும்பும் நாளிலும் மறுபடி போங்கள். கூரையில் மழை பலமாக விழுந்தால் தூக்கம் கலைவது பல வருடம் இருக்கும், அது அவிசுவாசம் இல்லை என்று சொல்லுங்கள்.

அதோடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் ஜனங்களோடு சேர்ந்து ஊழியரும் வெளியேற வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கடைசி ஆளாக நின்று பார்க்கலாம் என்ற எண்ணம் நல்ல ஊழியர்களுக்கே வருகிறது.

உடையத் தொடங்குகிறார் என்று தெரிந்தால்

அறிக்கை திடீரென்று மிக அழகாக வரத் தொடங்கும், அல்லது வரவே வராது. போனை எடுக்க மாட்டார். ஒரே பிரசங்கம் மூன்று வாரம் வரும். சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகளை அடிப்பார். மனைவி கூடுகைக்கு வராமல் நிற்பாள். இதில் இரண்டு மூன்றைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள், உபவாசம் போடச் சொல்லாதீர்கள், சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவருக்கு அது மருந்தாகாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வரிசையில் கூடவே நில்லுங்கள். படியை நிறுத்தாதீர்கள். சபைக்கு "ஐயா லீவில் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் போதும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு திரும்பி வருகிறது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள்.

தனிமை பரிசுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறவர்களுக்குக் கண்டியின் யோசேப் வாஸ் அடிகளாரைச் சொல்வேன். 1687இல் இலங்கைக்கு வந்தார், 1692இல் கண்டிக்குப் போனதும் ஒற்றர் என்று சிறையில் போட்டார்கள். கோவாவிலிருந்து துணைக்குக் குருமார் வந்து சேர்ந்தது பல வருடம் கழித்துத்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது நோயாளிகளிடம் அவர் தனியாகப் போகவில்லை, அவருடைய உறவினரான குரு யோசேப் கர்வாலோவும் கூடவே இருந்தார். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அந்த மனிதருக்கே துணை வேண்டியிருந்தது.

மஸ்கெலியாத் தம்பியை மூன்று மாதம் பண்டாரவளையில் வைத்திருந்தோம். முதல் மாதம் மருந்தும் தூக்கமும் மட்டும். அப்புறம் அவனே கேட்டு வேறொரு தோட்டத்துக்குப் போனான். இப்போது அவனுக்கு வழித்துணை ஓய்வுபெற்ற ஒரு உபதேசியார், நான் இல்லை. வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு டோர்ச்சை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏறி அவரோடு பேசுகிறானாம். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் அவன் மனைவியைக் கூடுகையில் பார்த்தபோது தூக்கம் எப்படி என்று மட்டும் கேட்டேன். "குறட்டை தாங்கல ஐயா" என்றாள்.